பலகை வைத்த பெயர்

ஆங்கிலப் பத்திரிகை படிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு ‘ஷாம்பிள்ஸ்’ புதிய சொல் அல்ல. மாநகராட்சியின் வரவுசெலவு ஷாம்பிள்ஸ், மழைக்குப் பிறகு சாலைகள் ஷாம்பிள்ஸ், ஐந்து விக்கெட் சரிந்ததும் அணியின் ஆட்டமே ஷாம்பிள்ஸ் என்று அடிக்கடி கண்ணில் படும். தமிழில் பெயர்ப்பவர் அலங்கோலம் என்பார், சீர்குலைவு என்பார், ஆத்திரம் கூடுதலாக இருந்தால் சின்னாபின்னம் என்பார். மூன்றும் சரிதான்.

இங்கிலாந்தின் வடபகுதியில் யார்க் என்ற பழைய நகரம் இருக்கிறது. அதன் நடுவே ஒரு குறுகலான தெரு. அந்தத் தெருவின் பெயரும் இதே சொல்தான்: ஷாம்பிள்ஸ். அங்கே நிற்பவற்றில் பல 14, 15ஆம் நூற்றாண்டுகளில் எழுந்த மரச்சட்ட வீடுகள். ஒன்று முன்னால் குனிகிறது, இன்னொன்று பக்கத்து வீட்டின் தோளில் சாய்கிறது, ஜன்னல் கோணுகிறது, உள்ளே போனால் தரை ஏறி இறங்குகிறது. பார்க்க வருகிறவர்களில் பலர் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். இப்படிக் கோணல்மாணலாகக் கிடப்பதால்தான் இந்தப் பெயர் என்று. இயல்பான ஊகம். ஆனால் வரலாறு எதிர்த்திசையில் ஓடியிருக்கிறது. அந்தச் சொல்லுக்கு அலங்கோலம் என்ற பொருள் வந்து நூறு ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. தெருவோ பல நூற்றாண்டுகளாக அந்தப் பெயரில் வாழ்கிறது. வீடுகளின் கோணலுக்கும் பெயருக்கும் உறவில்லை. உறவு இருப்பது கடையின் ஒரே ஓர் உறுப்போடு. அதைக் காண அண்ணாந்து பார்க்க வேண்டாம். இடுப்பு உயரத்தில் பார்த்தால் போதும்.

சில கடைகளில் ஜன்னலுக்குக் கீழே ஒரு பலகை இருக்கிறது. சாதாரண ஜன்னல் விளிம்பு கையகலம்தான் இருக்கும். இது அப்படியல்ல, ஓர் ஆட்டுத்தொடையைக் கிடத்தி வைக்கலாம், அவ்வளவு அகலமாகத் தெருப்பக்கம் நீண்டிருக்கிறது. அதற்கு நேர் மேலே, மாடியைத் தாங்கும் சட்டத்தில், வரிசையாக இரும்புக் கொக்கிகள். பலகையில் துண்டங்கள் பரப்பப்பட்டன. கொக்கியில் முழு உடல்கள் தொங்கின. ஆடுமாடுகளை வீட்டின் பின்கட்டில் அறுத்தார்கள். தெருவின் இருபுறமும் நடைபாதை சற்று உயர்ந்திருக்க, நடுப்பகுதி வாய்க்கால்போலத் தாழ்ந்திருக்கும். கழுவிவிட்ட இரத்தமும் கழிவும் அந்தத் தாழ்வில் ஓடின. 1872இல்கூட இந்தச் சிறிய தெருவில் 25 இறைச்சிக் கடைகள் இருந்தன. இன்று ஒன்றும் இல்லை. சாக்லேட்டும் நினைவுப் பொருள்களும் தேநீரும் விற்கிறார்கள். கொக்கிகள் மட்டும் வெறுமையாகத் தொங்குகின்றன.

அந்தப் பலகைதான் ஷாம்பிள்.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் எழுத்தில் ‘ஸ்கமொல்’ என்று தோன்றும். வாயில் அது ‘ஷமொல்’. கப்பலைக் குறிக்கும் ஷிப், ஆட்டைக் குறிக்கும் ஷீப், மீனைக் குறிக்கும் ஃபிஷ் ஆகிய மூன்றும் அக்காலத்தில் இதே ‘ஸ்க’ எழுத்துகளோடுதான் எழுதப்பட்டன. ஷமொல் என்றால் சிறிய இருக்கை, முக்காலி, மணை. ஆங்கிலத்தின் மிகப் பழைய விவிலிய மொழிபெயர்ப்புகளில், பகைவர்களைக் காலடியில் போடுவதாகச் சொல்லும் இடத்தில், ‘ஃபோட்ஷமொல்’ என்று வருகிறது. ஃபோட் என்றால் பாதம். தமிழ் விவிலியம் அதே இடத்தில் ‘பாதபடி’ என்கிறது. இவ்வளவு சாதுவாகத்தான் சொல்லின் வாழ்க்கை தொடங்கியிருக்கிறது. கால் வைக்க ஒரு மணை, அவ்வளவுதான்.

ஆங்கிலேயர் சொந்தமாக உண்டாக்கிய சொல்லும் அல்ல இது. லத்தீனில் ‘ஸ்கம்னும்’ என்றால் பெஞ்சு. அதைக் குறுக்கிச் செல்லமாக்கினால் ‘ஸ்கமெல்லும்’, குட்டிப் பெஞ்சு. ரோமானியரோடு வாணிபத்திலும் போரிலும் பழகிய ஜெர்மானியக் குடிகள் அதைக் கடன் வாங்கின. ஜெர்மன் மொழியில் இன்றும் முக்காலிக்கு ‘ஷேமெல்’ என்றே பெயர். டச்சுக்காரர் ‘ஸ்கேமெல்’ என்பார்கள். ஒரே வீட்டுப் பொருள் அக்கம்பக்கத்து மொழிகளில் எல்லாம் அப்படியே இருக்க, ஆங்கிலத்தில் மட்டும் வீட்டை விட்டுக் கடைக்குப் போய், கடையிலிருந்து தெருவுக்கு இறங்கி, தெருவிலிருந்து போர்க்களம் வரை போயிருக்கிறது.

நடுவில் ஒரு ‘ப்’ எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றும். ஷமொல் நாளடைவில் ஷாமெல் ஆயிற்று. ஷாமெல் என்பதை வேகமாக, கடைசி உயிரை விழுங்கிச் சொல்லிப் பாருங்கள். மகரத்துக்கு மூடிய உதடுகள் லகரத்துக்காகத் திறக்கின்றன. மூக்கு வழி அடைபடுவதும் உதடு திறப்பதும் ஒரே கணத்தில் நடக்காவிட்டால் இடையில் மெல்லிய ஒரு ‘ப்’ வெடித்துவிடும். யாரும் திட்டமிட்டுச் சேர்த்த எழுத்து அல்ல. வாய் தானே போட்டுக்கொண்டது. தையற்காரர் விரலில் மாட்டும் திம்பிளும், முட்செடியைக் குறிக்கும் பிராம்பிளும் இதே வழியில் ‘ப்’ பெற்றவை. அவை முன்பு திமெல், பிரேமெல். மொழி ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்தவை இப்படிப்பட்ட இடங்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தவர்களின் உதட்டசைவை நம் உதட்டிலேயே செய்து பார்த்துவிடலாம்.

இன்னும் கீழே தோண்டினால் லத்தீனின் ஸ்கம்னும் என்ற சொல்லுக்கு அடியில், தாங்கு, முட்டுக்கொடு என்ற பொருள்தரும் ஓர் இந்தோ-ஐரோப்பிய வேர் இருக்கிறது. அதே வேரிலிருந்து வடமொழியில் கிளைத்தது ‘ஸ்கம்ப’, அதாவது தூண். உலகம் முழுவதையும் தாங்கி நிற்கும் ஸ்கம்பத்தைப் போற்றும் பாடல் அதர்வவேதத்தில் உண்டு. அச்சொல் பிராகிருதத்தில் முன்னெழுத்தை இழந்து ‘கம்ப’ ஒலியோடு வழங்கியது. தமிழில் நாம் கொடிக்கம்பம், விளக்குக்கம்பம் என்று சொல்லும் கம்பமும் இந்த வழியே வந்ததென்று சொல்லறிஞர் பலர் கொள்கிறார்கள். கம்பு என்னும் தமிழ்ச் சொல்லோடு சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு. முதலாவது வழியை ஏற்றால், யார்க் நகரத்து இறைச்சிப் பலகையும் நம் கோயில் வாசலில் நிற்கும் கம்பமும் தூரத்து உறவினர்கள். இரண்டுக்கும் பொதுவானது தாங்குவது என்ற ஒரே செயல்.

சந்தையில் பொருள் விற்க ஒரு மேடை வேண்டும். நான்கு கால் போட்ட ஒரு பலகை இருந்தால் கடை தயார். பழைய ஆங்கிலக் காலத்திலேயே ஷமொல் என்ற பெயர் விற்பனைப் பலகைக்கும் நீண்டுவிட்டது. இது அந்த மொழிக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இத்தாலியில் நாணயம் மாற்றுவோர் சந்தையில் போட்டு உட்கார்ந்த பெஞ்சுக்கு ‘பாங்கா’ என்று பெயர். அதிலிருந்துதான் பேங்க் வந்தது. ஒரு பெஞ்சு பணத்தின் பெயராயிற்று. இன்னொரு பெஞ்சு இறைச்சியின் பெயராயிற்று.

இந்த இரண்டு பெஞ்சுகளும் யார்க் நகரத்தில் ஒருமுறை சந்தித்துக்கொண்டன. நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தை வென்ற வில்லியம், நாட்டில் யாருக்கு என்ன சொத்து இருக்கிறது என்று ஒரு கணக்கெடுப்பு நடத்தினான். 1086ஆம் ஆண்டின் அந்தப் பெரும் பதிவேடுதான் டூம்ஸ்டே புத்தகம். அதில் யார்க் பகுதியில், மன்னனின் தாய்வழிச் சகோதரனான மோர்டெய்ன் பிரபு ராபர்ட்டின் உடைமைகளைச் சொல்லும்போது, அவனுக்கு இறைச்சிச் சந்தையில் இரண்டு கடைகள் உண்டு என்று வருகிறது. லத்தீன் மூலத்தில் அந்தக் கடைகளுக்கு எழுதியிருக்கும் சொல் ‘பாங்கோஸ்’, பெஞ்சுகள்! சந்தைக்கு எழுதியிருக்கும் சொல் ‘மாக்கெல்லும்’. எழுத்தர் லத்தீனில் பாங்கோஸ் என்று எழுதிய அதே பொருளைத் தெருவில் நின்றவர்கள் தம் மொழியில் ஷமொல் என்று சொல்லியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். மன்னனின் உடன்பிறப்புக்கே சொத்தாகக் கணக்கில் ஏறும் அளவுக்கு அந்த இரண்டு பலகைகளுக்கும் மதிப்பு இருந்திருக்கிறது.

சுமார் 1300 வாக்கில் ஷாமெல் என்றாலே இறைச்சி விற்கும் பலகை என்று பொருள் சுருங்கிவிட்டது. பலகைகள் வரிசையாக நின்ற இடம் பன்மையில் ஷாமெல்ஸ். யார்க் தெருவை ‘ஃப்ளெஷ் ஷாமெல்ஸ்’ என்று எழுதினார்கள். ஃப்ளெஷ் என்றால் இறைச்சி. பிறகு ‘பெரிய இறைச்சி ஷாம்பிள்ஸ்’ என்றார்கள். கடைசியில் இறைச்சியும் போய் வெறும் ஷாம்பிள்ஸ் நின்றது. இதே தெரு ஹேமாங்கர்கேட் என்றும் நீட்லர்கேட் என்றும் வழங்கியதுண்டு. முன்னது வைக்கோல் வணிகர் தெரு. பின்னது ஊசி செய்வோர் தெரு. வெட்டுக்கு வந்த மாடுகளுக்கு வைக்கோலும், வெட்டிய மாடுகளின் எலும்பிலிருந்து ஊசியும் என்று இரண்டு பெயரையும் இறைச்சித் தொழிலோடு முடிச்சுப் போட்டுச் சொல்வார்கள். யார்க்கில் ‘கேட்’ என்பது வாசல் அல்ல. வைக்கிங்குகள் விட்டுப்போன ‘காட்டா’, தெரு. நகர வாசலுக்கு அங்கே ‘பார்’ என்று பெயர். வெளியூர்க்காரர் தடுமாறும் இடம் இது.

பெயரில் ஆள் இல்லை, தொழிலும் இல்லை, பலகைதான் இருக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று கவனிக்கலாம். கசாப்புக் கடை என்று நாம் சொல்லும்போது அதில் அரபிச் சொல்லான ‘கஸ்ஸாப்’ இருக்கிறது. வெட்டுபவரின் பெயர் அது. நாம் ஆளைப் பார்த்துக் கடைக்குப் பெயர் வைத்தோம். அவர்கள் ஆள் எதன் முன் நின்றாரோ அதைப் பார்த்து வைத்தார்கள். இங்கிலாந்து முழுவதும் இந்தப் பழக்கம் இருந்தது. வூஸ்டர், செஸ்டர்ஃபீல்டு, பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன், செட்டில் என்று பல ஊர்களில் ஷாம்பிள்ஸ் உண்டு. அயர்லாந்தின் டப்ளினில் இருப்பது ஃபிஷாம்பிள் தெரு. பெயரைப் பிரித்தால் மீன்ஷாம்பிள். மீன் விற்ற பலகைகள் நின்ற இடம். 1742 ஏப்ரல் 13 அன்று ஹாண்டலின் ‘மெசாயா’ முதன்முதலில் அரங்கேறியது அந்த மீன்கடைத் தெருவில்தான்.

பலகையும் கொக்கியும் தெரிந்துவிட்டால் வீட்டின் வடிவமும் பேசத் தொடங்கும். ஷாம்பிள்ஸ் வீடுகளில் முதல் மாடி தரைத்தளத்தைவிட முன்னால் நீண்டிருக்கும்; இரண்டாம் மாடி அதையும் தாண்டி நீளும். எதிரெதிர் வீடுகளின் மேல்மாடி ஜன்னலிலிருந்து கை நீட்டினால் ஒருவர் கையை ஒருவர் தொட்டுவிடலாம் என்பார்கள். வானம் ஒரு நாடாபோலத் தெரியும். இந்த நீட்சிக்கு ஆங்கிலத்தில் ‘ஜெட்டி’ என்று பெயர். வீசுதல் என்ற பொருளுள்ள ‘ஜெத்தே’ என்னும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. கடலுக்குள் நீட்டிக் கட்டும் துறைமேடைக்கும் அதே பெயர்தான். வீடு தன் மாடியைத் தெருமேல் வீசியிருக்கிறது.

ஏன் வீச வேண்டும்? நகரச் சுவர்களுக்குள் மனை குறுகல். தரையில் ஓர் அடியும் கூட்ட முடியாது, ஆகாயத்தில் கூட்டலாம். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் தச்சு சார்ந்தது. மாடித் தரையைத் தாங்கும் விட்டங்கள் கீழ்ச்சுவரோடு நின்றுவிட்டால், மேலே நடக்கும்போது நடுவில் தொய்யும், அதிரும். அவற்றைச் சுவருக்கு வெளியே சில அடி நீட்டி, நீண்ட நுனியின்மேல் மேல்மாடிச் சுவரை ஏற்றிவிட்டால், அந்தப் பாரம் நுனியை அழுத்த, நடுப்பகுதி மேல்நோக்கி விறைக்கும். தொய்வு குறையும். கீழ்ச்சுவருக்கும் மேற்சுவருக்கும் தனித்தனித் தூண்கள் என்பதால் மூன்று மாடி உயரத்துக்கு ஒரே நெடுமரம் தேடி அலையவும் வேண்டாம். நீட்டிய மாடி கீழ்ச்சுவரின் மண்பூச்சை மழையிலிருந்து காக்கிறது. தெருவின் இருபுறமும் நீட்டிவிட்டால் வெயில் உள்ளே இறங்காது. இறைச்சி விற்கிற தெருவுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஐஸ் பெட்டி இல்லாத காலத்தில் அந்த நிழல்தான் இறைச்சியை மாலைவரை காத்தது. வசதி, உறுதி, நிழல் ஆகிய மூன்றும் ஒரே தச்சு வேலையில் கிடைத்தன.

யார்க்கிலேயே குட்ராம்கேட் தெருவில் 1316இல் கட்டிய லேடி ரோ என்ற வரிசை வீடுகள் இன்றும் நிற்கின்றன. மாடி நீட்டிய வீடுகளில் இங்கிலாந்தில் எஞ்சியிருப்பவற்றுள் அது மிகப் பழையவற்றில் ஒன்று. ஷாம்பிள்ஸ் வீடுகளைக் கட்டிய தச்சர்கள் அங்கே தொடங்கிய வித்தையைத்தான் தொடர்ந்தார்கள்.

இனி இரத்தம். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் ஷாம்பிள்ஸ் விற்கும் இடம் என்பதிலிருந்து வெட்டும் இடம் என்று நகர்ந்தது. கடைக்குப் பின்னாலேயே அறுத்ததால் அந்த நகர்வுக்கு ஒரு சுவர்தான் குறுக்கே நின்றது. நூற்றாண்டு முடிவதற்குள் மனிதர் மனிதரை வெட்டும் இடத்துக்கும் அது உருவகமாயிற்று. ஷேக்ஸ்பியர் இந்தச் சொல்லை நன்றாக அறிந்தவர். ஆறாம் ஹென்றி நாடகத்தில் நாடாளுமன்றம் கொலைக்களமாகிவிடும் என்று அஞ்சும் இடத்தில் இது வருகிறது. ஒதெல்லோ தன் மனைவியைப் பழிக்கும்போது கோடைகாலத்து ஈக்களோடு சேர்ந்து வருகிறது. முன்னதில் கொலை, பின்னதில் நாற்றம். ஒரே சொல்லின் இரு வாசனைகள்.

ஆனால் பழைய பொருளும் அப்போது செத்துவிடவில்லை. 1611இல் ஜேம்ஸ் மன்னரின் ஆணைப்படி வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 10ஆம் அதிகாரத்தில், ஷாம்பிள்ஸில் விற்பதை மறு கேள்வி கேட்காமல் உண்ணலாம் என்ற கருத்து வருகிறது. அங்கே கொலையும் இல்லை, குழப்பமும் இல்லை. இறைச்சிச் சந்தை, அவ்வளவே. கிரேக்க மூலத்தில் உள்ள சொல் ‘மாக்கெல்லோன்’. டூம்ஸ்டே புத்தகத்தில் யார்க் சந்தைக்கு எழுதிய அதே மாக்கெல்லும்தான். தமிழ் விவிலியம் ‘கடை’ என்ற பொதுச் சொல்லோடு நிறுத்திக்கொண்டது. அதனால் தமிழ் வாசகருக்கு இன்றும் அந்த வசனம் தெளிவாக இருக்கிறது. இன்றைய ஆங்கில வாசகர்தான் அந்தப் பழைய பதிப்பைப் படிக்கும்போது, அலங்கோலத்தில் எதை விற்பார்கள் என்று ஒரு கணம் திகைக்கிறார்.

சொல் இப்படிக் கறைபட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில் அந்தத் தெருவில் ஒரு பெண் வாழ்ந்தாள். மார்கரெட் கிளித்தரோ. கணவர் ஜான் இறைச்சி வணிகர். முதலாம் எலிசபெத்தின் ஆட்சியில் கத்தோலிக்கப் பாதிரிகளுக்கு அடைக்கலம் தருவது மரண தண்டனைக்குரிய குற்றம். மார்கரெட் அடைக்கலம் தந்தாள். பிடிபட்டபோது குற்றவாளியா இல்லையா என்று பதில் சொல்ல மறுத்துவிட்டாள். சொன்னால் விசாரணை நடக்கும், தன் பிள்ளைகளே சாட்சிக்கூண்டில் ஏற நேரும் என்று அஞ்சியதே அதற்குக் காரணம் என்பார்கள். பதில் சொல்லாதவர்களுக்கு அன்றைய சட்டம் வைத்திருந்த தண்டனை, பலகையின் அடியில் கிடத்தி மேலே பாரம் ஏற்றி நசுக்குவது. 1586 மார்ச் 25 அன்று ஊஸ் ஆற்றுப் பாலத்தருகே அதை நிறைவேற்றினார்கள். அவள் மேல் வைத்தது ஒரு கதவு என்று சொல்லப்படுகிறது. 1970இல் ஆறாம் பால் போப்பாண்டவர் அவளுக்குப் புனிதர் பட்டம் அளித்தார். ஷாம்பிள்ஸில் ஒரு வீடு அவள் நினைவுக் கோயிலாக இருக்கிறது. அவள் உண்மையில் வாழ்ந்தது எதிர்வரிசை வீடு ஒன்றில் என்று பின்னர் தெரியவந்தது. சாக்லேட் கடைகளுக்கு நடுவே அந்தச் சிறிய கோயிலில் யாராவது மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள்.

கொலைக்களம் எப்போது குப்பைமேடு ஆயிற்று? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்க வழக்கில். இரத்தக்களரியாகக் கிடந்த இடம் என்பதிலிருந்து இரத்தம் வடிந்துபோய், கலைந்து கிடக்கும் இடம் என்பது மட்டும் மிஞ்சியது. முதலில் வெடித்துச் சிதறிய இடம், பின்பு கலைந்த அறை, பின்பு தோற்ற அணி, பின்பு யாருடைய வாழ்க்கை வேண்டுமானாலும். வணிகம் நடக்கும் இடத்தின் பெயர் குழப்பத்தின் பெயராவது நமக்கும் பழக்கம்தான். வீடா இது, சந்தைக்கடையா என்று அம்மாக்கள் கேட்பதில்லையா? சந்தைக்கடைக்கு அதில் ஒரு குற்றமும் இல்லை. நன்றாக நடக்கும் சந்தையில் ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரிசை உண்டு. வெளியே நிற்பவரின் காதுக்குத்தான் அது இரைச்சல்.

கிளைச் சொற்களும் தோன்றின. காலை இழுத்து இழுத்துத் தள்ளாடி நடப்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஷாம்பிள்’ என்றே ஒரு வினை உண்டு. இறைச்சிப் பலகையின் கால்கள் அகன்று கோணலாக நிற்பதைப் பார்த்து, அப்படிக் கால் உடையவர்களை ஷாம்பிள் கால்காரர் என்று அழைத்ததிலிருந்து அது வந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். 1970 வாக்கில் ‘ஷாம்பாலிக்’ என்ற பெயரடை பிரிட்டனில் பரவியது. 2009இல் ஒளிபரப்பான ஓர் அரசியல் நகைச்சுவைத் தொடரில், எல்லாவற்றையும் குறிக்கும் லத்தீன் முன்னொட்டைச் சேர்த்து ‘ஓம்னிஷாம்பிள்ஸ்’ என்றார்கள். 2012 ஏப்ரலில் எதிர்க்கட்சித் தலைவர் எட் மிலிபேண்ட் அவ்வாண்டு வரவுசெலவுத் திட்டத்தை அந்தச் சொல்லாலேயே நாடாளுமன்றத்தில் தாக்கினார். அவ்வாண்டின் சொல்லாக ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்காரர்கள் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். லத்தீன் பெஞ்சுக்கு, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு கழித்து, லத்தீன் முன்னொட்டு வந்து சேர்ந்தது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு மறுபடி அந்தக் கோணல் வீடுகளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருக்கும். சொல்லின் புதிய பொருள், பழைய தெருவின்மேல் தவறாக ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஏனென்றால் மரச்சட்ட வீட்டைப்போல ஒழுங்கோடு கட்டப்பட்ட வீடு குறைவு.

ஓக் மரத்தை வெட்டியவுடன், ஈரம் காயுமுன் வேலைக்கு எடுப்பார்கள். காய்ந்துவிட்டால் இரும்பாக இறுகி உளிக்கு மசியாது. மரத்தை மனைக்குக் கொண்டுபோவதில்லை. தச்சுப் பட்டறை முற்றத்திலேயே சுவர் முழுவதையும் தரையில் கிடத்தி இழைப்பார்கள். ஒரு சட்டத்தின் நுனியை நாக்குப்போலச் செதுக்குவார்கள். இன்னொன்றில் அதற்குச் சரியாகப் பொந்து வெட்டுவார்கள். நாக்கைப் பொந்தில் செருகி, குறுக்கே துளையிட்டு, ஓக் முளை அடிப்பார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. நாக்கில் இடும் துளையைப் பொந்தின் துளைக்கு நேராக இடாமல் மயிரிழை விலக்கி இடுவார்கள். முளை உள்ளே போகும்போது வளைந்து நாக்கை இழுத்துக்கொண்டு போகும், மூட்டு இறுகும். ஆணி கிடையாது. பிறகு ஒவ்வொரு மூட்டின் இருபக்கமும் ஒரே எண்ணைக் கீறி வைப்பார்கள். உளியால் நேர்கோடுதான் எளிதில் கீற முடியும் என்பதால் ரோமானிய எண்கள். நான்கு என்றால் நான்கு கோடு. ஐந்துக்கு முன்னால் ஒன்று போட்டு நான்காக்கும் வழக்கத்தை விட்டுவிட்டார்கள், ஏனென்றால் சட்டத்தைத் தலைகீழாகத் திருப்பினால் அது ஆறாகிவிடும். அப்புறம் எல்லாவற்றையும் பிரித்து, வண்டியில் ஏற்றி, மனையில் எண்ணுக்கு எண் பொருத்தி நிமிர்த்துவார்கள். சட்டங்களுக்கு இடையே குச்சிகளைப் பின்னி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்து அப்பி, சுண்ணாம்பு பூசினால் சுவர்.

பச்சை மரம் வீட்டில் நின்றபடியே ஆண்டுக்கணக்கில் காயும். காயும்போது சுருங்கும், முறுக்கும், வில்லாக வளையும். முளையும் பொந்தும் பிடித்திருப்பதால் உடைவதில்லை. எல்லாச் சட்டங்களும் ஒன்றோடொன்று பேசிவைத்ததுபோலச் சேர்ந்தே சாயும். அடித்தரை ஒருபக்கம் இறங்கினால் வீடு அந்தப்பக்கம் தோள் கொடுக்கும். நாம் பார்க்கும் கோணல் அதுதான். ஐந்நூறு, அறுநூறு ஆண்டுகளாக நிற்கும் வீட்டின் கோணல். சொல்லின் அடிவேரில் இருந்த தாங்குதல் என்ற பொருளுக்கு அந்த வீடுகள்தான் இன்னும் உண்மையாக இருக்கின்றன.

கடைசியாக, மான்செஸ்டரில் நடந்த ஒன்று. அங்கே பழைய சந்தைப் பகுதியின் ஷாம்பிள்ஸில், 1552இல் கட்டியதாகச் சொல்லப்படும் ஓல்ட் வெலிங்டன் என்ற மரச்சட்ட வீடு ஒன்று மதுக்கடையாக இருந்துவந்தது. 1970களில் சுற்றிலும் பெரிய வணிக வளாகம் எழுந்தபோது, அந்த வீட்டை அப்படியே கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் மேலே தூக்கி நிறுத்தினார்கள். 1996 ஜூன் 15 அன்று ஐரிஷ் குடியரசுப் படை வைத்த, ஏறக்குறைய 1,500 கிலோ எடையுள்ள வெடிகுண்டு நகர மையத்தைக் குலைத்தது. இருநூறுக்கு மேற்பட்டோர் காயமுற்றார்கள், உயிர்ச்சேதம் இல்லை. அன்றைக்குப் பத்திரிகைக்காரர்கள் மான்செஸ்டரை எந்தச் சொல்லால் விவரித்தாலும், ஷாம்பிள்ஸ் என்பதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திருக்காது. ஓல்ட் வெலிங்டன் அதையும் தாங்கி நின்றது.

நகரத்தைத் திருப்பிக் கட்டும் திட்டத்துக்கு அந்த வீடு இருந்த இடம் தேவைப்பட்டது. வீட்டைப் பிரித்தார்கள். சட்டம் சட்டமாகக் கழற்றி, சுமார் 300 மீட்டர் தள்ளி, தேவாலயத்துக்கு அருகே கொண்டுபோய் மறுபடியும் பூட்டினார்கள். பச்சை மரத்தில் எண் கீறிப் பிரித்து வண்டியேற்றிய பழைய தச்சர்களுக்கு இந்த வேலை ஒன்றும் புதிதாகத் தோன்றியிருக்காது. 1999இல் கடை திறந்தது. வீட்டின் முன்னால் உண்டான புதிய முற்றத்துக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. வீட்டோடு கூடவே பெயரையும் கொண்டுவந்தார்கள்: ஷாம்பிள்ஸ் சதுக்கம். வெயில் நாள்களில் அங்கே நீளமான மரமேசைகளையும் பெஞ்சுகளையும் போட்டு வைக்கிறார்கள். ஆட்கள் உட்கார்ந்து குடிக்கிறார்கள்.